செய்தியாளரும் அவர் நிற்கும் மண்ணும்

நம் தமிழ்த்துறையில் இதழியல் ஒரு விருப்பப் பாடமாக நடத்தப்பெற்று வருகிறது. பருவத் தேர்வுகளில் தவறாது இடம்பெறும் வினா ஒன்று அப்பாடத்தில் உண்டு. ‘செய்தியாளருக்குரிய தகுதிகளை விளக்குக’ என்பதே அது. மாணவர்களும் சளைக்காமல் விடை எழுதுகின்றனர். மோப்பத் திறன், விரைவு, நடுநிலைமை, துணிவு, நினைவாற்றல், நல்ல மொழிநடை, அயரா உழைப்பு எனப் பட்டியல் நீளும். நாமும் தகுதிகளை எண்ணி மதிப்பெண் வழங்குகிறோம். இவ்வாறு எத்தனையோ விடைத்தாள்களைத் திருத்திய பின்னர், அந்தப் பட்டியலின் மீதே நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அதனை எழுப்பியவர் நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவரே.

அவர் இளங்கலை முடித்து, நாளிதழ் ஒன்றின் வட்டார நிருபராகப் பணியேற்றார். சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் ஊரில் குடிநீர்க் குழாயில் சாக்கடை நீர் கலந்து வருவது குறித்து இரண்டு நாள்கள் தொடர்ந்து எழுதினார். குழாய் பதிக்கும் பணியை ஒப்பந்தம் எடுத்திருந்தவர் ஊராருக்கு வேண்டியவர். பெரியவர்கள் சிலர் நம் வீடு தேடி வந்தனர். “ஊர்ப் பெயர் கெடுகிறது, உங்கள் மாணவர்தானே, ஒரு சொல் சொல்லுங்கள்” என்றனர். நாமும் சொன்னோம். “தம்பி, நம் ஊர் விஷயம், கொஞ்சம் பொறுத்து எழுதக் கூடாதா?” என்று தொலைபேசியில் கேட்டோம். அவர் சினக்கவில்லை. “ஐயா, நீங்கள் தந்த பட்டியலில் இது எத்தனையாவது தகுதி?” என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் அச்செய்தி வரவில்லை. நம் சொல்லால் நின்றதா, அலுவலகத்தில் நிறுத்தினார்களா என்று நாம் கேட்கவும் இல்லை. அவர் சொல்லவும் இல்லை.

அவருடைய வினாவுக்கு விடை தேடியபோதுதான், செய்தியாளர் என்னும் பெயர் ஒன்றாயினும் அவர் ஆற்ற வேண்டிய பணி நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபடுகிறது என்பதை விரிவாகக் காண நேர்ந்தது. அதனை மாணவர்களோடும் பெரியவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வாளர் கண்ட வகைகள்

1956ஆம் ஆண்டில் சீபர்ட், பீட்டர்சன், ஷ்ராம் ஆகிய அமெரிக்க அறிஞர் மூவரும் உலக இதழியலை அதிகாரக் கோட்பாடு, சுதந்திரக் கோட்பாடு, சமூகப் பொறுப்புக் கோட்பாடு, சோவியத் பொதுவுடைமைக் கோட்பாடு என நான்காகப் பகுத்தனர். பாடநூல்கள் பல இன்றும் இப்பகுப்பையே ஓதுகின்றன. ஆனால் அது பனிப்போர்க் காலத்தில் அணிந்த கண்ணாடி. 2004இல் ஹாலின், மான்சினி என்னும் இருவர் மேலை நாடுகள் 18ஐ மட்டும் ஆராய்ந்து, அவற்றுக்குள்ளேயே மூன்று வகையான இதழியல் அமைப்புகள் உள்ளன என்று காட்டினர். இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் இதழ்கள் கட்சிகளை ஒட்டி வளர்ந்தன. சுவீடன், நார்வே போன்ற வட நாடுகளில் கட்சிச் சார்பும் வலுவான தொழிற்கட்டுப்பாடும் அரசின் நிதியுதவியும் ஒருங்கே நிலவின. அமெரிக்கா, பிரிட்டன் போன்றவற்றில் சந்தையே பெரிதாயிற்று.

பின்னர், 2012 முதல் 2016 வரை 67 நாடுகளில் 27,500க்கும் மேற்பட்ட செய்தியாளர்களிடம் ஒரு பன்னாட்டு ஆய்வு நடந்தது. உள்ளதை உள்ளபடி அறிவிப்பது தம் தலையாய கடமைகளுள் ஒன்று என்பதில் பெரும்பாலான நாட்டினர் ஒன்றுபட்டனர். அதற்கு அப்பால் வழிகள் பிரிந்தன. மேலை மக்களாட்சி நாடுகளில் ஆள்வோரைக் கண்காணித்தல் பெரிதும் போற்றப்பட, வளரும் நாடுகள் பலவற்றில் நாட்டு வளர்ச்சிக்குத் துணைநிற்றல் உயர்ந்த இடம் பெற்றது. ஆக, நாம் பட்டியலில் எழுதும் ‘கடமை’ என்னும் சொல்லுக்கே ஊர்தோறும் பொருள் வேறு என்பது புலனாகிறது.

ஒரே செயல், இரு நீதி

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தமக்குச் செய்தி தந்தவரின் பெயரை வெளியிடாமல் காப்பது செய்தியாளரின் அறம் என்று பாடம் நடத்துகிறோம். சுவீடன் நாடு 1766ஆம் ஆண்டிலேயே அச்சுச் சுதந்திரச் சட்டம் இயற்றிய நாடு. அங்கே, மறைவைக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு செய்தி தந்தவரின் பெயரைச் செய்தியாளர் வெளியிட்டால் அவர் மீது வழக்குத் தொடரலாம். அரசு அலுவலர் எவரும், மிகச் சில விலக்குகள் தவிர, ‘இதைச் சொன்னவர் யார்?’ என்று துருவி விசாரிக்கவும் கூடாது.

அமெரிக்காவோ அச்சுச் சுதந்திரத்தை 1791இல் அரசியலமைப்பின் முதல் திருத்தமாகவே பொறித்துவைத்த நாடு. 1971இல் வியட்நாம் போர் பற்றிய மறைவான அரசு ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டபோது, அரசின் தடையை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் ஏற்க மறுத்தது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். ஆயினும் அடுத்த ஆண்டிலேயே, செய்தி தந்தவர் யாரென்று விசாரணை மன்றம் கேட்டால் சொல்லாதிருக்கும் அரசியலமைப்பு உரிமை செய்தியாளருக்கு இல்லை என்றும் தீர்ப்பளித்தது. 2005இல் அதே நியூயார்க் டைம்ஸ் இதழின் ஜூடித் மில்லர், பெயரைச் சொல்ல மறுத்து 85 நாள்கள் சிறையிலிருந்தார். சுவீடனில் பெயரைச் சொன்னால் குற்றம்; அமெரிக்காவில் சொல்லாவிட்டால் சிறை. துணிவு என்னும் தகுதி இருவரிடமும் ஒரே அளவில் இருக்கலாம். ஆனால் அத்துணிவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை ஒன்றாக இல்லையே!

உரிமமும் மனச்சான்றும்

செய்தியாளர் ஆவதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டும்? நம் நாட்டில் எவருடையதும் வேண்டியதில்லை. இத்தாலியிலோ 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குரைஞர்களுக்கு இருப்பது போலவே செய்தியாளர்களுக்கும் ஒரு பதிவு மன்றம் உண்டு. பதினெட்டு மாதம் பயிற்சி பெற்று, அரசுத் தேர்வு எழுதிப் பெயரைப் பதிந்தவரே தொழில்முறைச் செய்தியாளர். தரத்தைக் காக்கும் வேலி இது என்பர். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிக்காவிலும் இத்தகைய கட்டாய உரிமம் இருந்தது. அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 1985இல் அதனை ஆராய்ந்து, கருத்தைச் சொல்வது எல்லா மனிதர்க்கும் உரிய உரிமை, அதற்கு உரிமம் கட்டாயமாக்குதல் ஆகாது எனக் கருத்துரைத்தது. ஒரு நாட்டில் வேலியாகத் தோன்றுவது இன்னொரு நாட்டில் விலங்காகத் தோன்றுகிறது.

பிரான்சு நாட்டின் ஏற்பாடு நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ‘மனச்சான்று விதி’ ஒன்றை வகுத்தது. இதழின் கொள்கை அடியோடு மாறித் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாத நிலை ஏற்பட்டால், செய்தியாளர் தாமே விலகிக்கொள்ளலாம். நிறுவனம் அவரை நீக்கியது போலக் கருதி, பணிக்காலத்துக்கேற்ப இழப்பீடு தர வேண்டும். நம் பட்டியலில் ‘மனச்சான்று’ என்று ஒரு சொல்லை எழுதி நிறுத்திக்கொள்கிறோம். மனச்சான்று உள்ளவரின் குடும்பம் மறுநாள் எப்படி உண்ணும் என்று அந்நாட்டார் எண்ணிப் பார்த்துச் சட்டமாக்கியுள்ளனர்.

அருகில் இருப்பதன் இடர்

அதிகாரத்தின் அருகே சென்றால்தான் செய்தி கிடைக்கும் என்பர். சப்பானில் ‘கிஷா கிளப்’ எனப்படும் செய்தியாளர் மன்றங்கள் 1890ஆம் ஆண்டு முதல் உண்டு. ஒவ்வோர் அமைச்சகத்திலும் காவல் தலைமையகத்திலும் அம்மன்றத்துக்கு அறை உண்டு. பெரிய நாளிதழ்களின் செய்தியாளர் அங்கேயே நாளெல்லாம் இருப்பர். செய்தி முதலில் அவர்களுக்கே கிடைக்கும். வார, மாத இதழ்க்காரருக்கு நெடுங்காலம் அங்கே இடமில்லை.

1974இல் பிரதமர் தனாகாவின் செல்வம் வந்த வழியை விரித்துரைத்த கட்டுரை, எந்த மன்றத்திலும் இடம்பெறாத ‘புங்கேய் சுஞ்சூ’ என்னும் மாத இதழில் வெளிவந்தது. எழுதிய தாச்சிபானா, நிலப் பதிவேடுகளையும் நிறுவனப் பதிவுகளையும் பொறுமையாகப் புரட்டித் திரட்டிய சான்றுகள் அவை. சில வாரங்களில் பிரதமர் பதவி விலகல் அறிவித்தார். பிரதமரை நாள்தோறும் பின்தொடர்ந்த நாளிதழ்ச் செய்தியாளர்கள் எழுதாததை, வாசலுக்கு வெளியே நின்றவர் எழுதினார். மன்றத்தில் இருந்தோர் திறமையற்றவர் அல்லர். ஆனால் அந்த அறை அவர்களைப் பேசவொட்டாமல் கட்டிப்போட்டது.

ஊடகம் மாறினாலும் கடமை மாறும்

ஒரே நாட்டுக்குள்ளும் பணி வேறுபடுவதுண்டு. பிரிட்டனில் நாளிதழ்கள் தேர்தலின்போது இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதுகின்றன. அதே நாட்டில் 1927இல் அரச சாசனம் பெற்ற பி.பி.சி.யும் பிற ஒளிபரப்பு நிறுவனங்களும் செய்தியில் சார்பின்மை காக்கக் கடமைப்பட்டவை. நாளிதழிலிருந்து தொலைக்காட்சிக்கு மாறும் செய்தியாளர் அன்றே வேறொரு தொழிலுக்கு மாறியவராகிறார். அமெரிக்காவிலும் 1949 முதல் 1987 வரை, வானொலியும் தொலைக்காட்சியும் இருதரப்புக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது நீங்கிய பின், ஒரு சார்பாக முழங்கும் வானொலி நிகழ்ச்சிகள் அங்கே பெருகின.

நாட்டு நலன் என்னும் வாதம்

இனி, நம் ஆசிய நாடுகளில் அடிக்கடி கேட்கும் வாதத்துக்கு வருவோம். மேலை நாட்டு இதழியல் நமக்கு ஒவ்வாது. நம் செய்தியாளர் அரசோடு இணைந்து நாட்டைக் கட்ட வேண்டும் என்பது அவ்வாதம். 1971இல் ஹெல்சிங்கி நகரில் கூடிய உலக இதழாசிரியர் முன்னிலையில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, அச்சுச் சுதந்திரம் நாட்டின் ஒருமைப்பாட்டுக்கும் அரசின் நோக்கத்துக்கும் கீழ்ப்பட்டதே என்று உரைத்தார். 1974ஆம் ஆண்டுச் சட்டம் நாளிதழ் நிறுவனங்களில் கூடுதல் வாக்குரிமை கொண்ட மேலாண்மைப் பங்குகளை உண்டாக்கி, அவற்றை வைத்திருப்போருக்கு அரசின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் பிற்காலத்தில் அந்தச் சூழலில் வளர்ந்ததேயாகும்.

இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. 1964இல் இனக் கலவரம் கண்ட ஊர் அது. சொல் கொல்லும் என்பதற்கு ருவாண்டா நாடு சான்று. அங்கே 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, 1994ஆம் ஆண்டுப் படுகொலையின்போது கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் ஒளிந்திருந்த இடங்களையும் ஒலிபரப்பியது. அதனை நடத்தியோருள் இருவரையும் ஓர் இதழாசிரியரையும் பன்னாட்டு நீதிமன்றம் 2003இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. அந்த வானொலி அன்றைய ஆட்சியை எதிர்த்த வானொலி அன்று. ஆட்சியாளருக்கு நெருங்கியோர் நடத்திய வானொலி அது. தன் இனத்தைக் காக்கும் தொண்டு என்றே தன் செயலை அது சொல்லிக்கொண்டது.

சீனத்தில் செய்தியாளருக்கு இரண்டு பேனாக்கள் உண்டு எனலாம். ஒன்று மக்கள் படிக்கும் இதழுக்கு. மற்றொன்று தலைவர்கள் மட்டும் படிக்கும் ‘உள் அறிக்கை’க்கு. சின்ஹுவா போன்ற நிறுவனங்களின் செய்தியாளர், வெளியிட இயலாத உண்மைகளை அவ்வறிக்கைகளில் எழுதி மேலே அனுப்புகின்றனர். உண்மையின் தேவையை அவ்வரசும் அறிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அதனை மக்களோடு பகிர மட்டும் மனமில்லை. அந்த மண்ணிலும் 2003இல் குவாங்சோ நகரில், தற்காலிகக் குடியிருப்புச் சீட்டு இல்லாததால் பிடித்துச் செல்லப்பட்ட சுன் சிகாங் என்னும் 27 வயது இளைஞர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதை, ‘சதர்ன் மெட்ரோபாலிஸ் டெய்லி’ என்னும் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. இரண்டே மாதங்களில் அத்தகைய காவல் முறையை அரசு நீக்கியது. அடுத்த ஆண்டு அந்நாளிதழின் ஆசிரியர் சிறைவைக்கப்பட்டார். மாதங்கள் சில கழிந்து, குற்றச்சாட்டின்றியே வெளிவந்தார். நாட்டு வளர்ச்சிக்குத் துணைநின்றவர் யார்? கொடிய முறை ஒன்று நீங்கக் காரணமான அவ்வாசிரியரா, அவரை அடைத்தவர்களா?

நம் மண்

நம் நாட்டின் நிலையும் தனித்தன்மை உடையதே. சென்னை மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் வார இதழை உள்ளே வரவொட்டாமல் தடுத்தபோது, 1950இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அமெரிக்காவின் முதல் திருத்தம் அச்சுரிமைக்குக் காவலாயிற்று. நம் முதல் திருத்தமோ அதனைக் கட்டுப்படுத்தும் காரணங்களைக் கூட்டியது. 1975இல் நெருக்கடி நிலை அறிவித்த இரவில் தில்லி அச்சகங்களுக்கு மின்சாரமே நிறுத்தப்பட்டது. 1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கில், தம்மைப் பற்றி வரவிருக்கும் எழுத்தை அலுவலர்கள் முன்கூட்டியே தடுக்க இயலாது, வெளிவந்த பின் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. அத்தீர்ப்பு 1964ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றையும் துணைகொண்டது. மண் வேறாயினும் நல்ல விதை கடல் கடந்தும் முளைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் இவ்வளவு இடம் தந்தும், வட்டார நிருபரின் நிலை என்ன? பலருக்கு மாத ஊதியம் இல்லை. வெளிவந்த செய்தியைக் கணக்கிட்டே பணம். பண்டிகை நாள்களில் விளம்பரமும் அவரே பிடித்துத் தர வேண்டும். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே விளம்பரம் கேட்டு நிற்க வேண்டிய நிலை. நம்மைப் போன்ற கல்வி நிறுவனங்களும் விளம்பரம் தருகின்றன. தரும்போதே ஒரு நன்றியையும் எதிர்பார்க்கின்றன. சுவீடனின் சட்டமும் பிரான்சின் இழப்பீடும் இல்லாத இவரிடம் நாம் துணிவை மட்டும் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம்.

நாம் செய்யத்தக்கன

நாடுகள்தோறும் செய்தியாளர் பணி வேறுபடுகிறது என்பதால், எல்லாம் ஒன்றே, அவரவர்க்கு அவரவர் முறை என்று கூறி அமைதல் தகாது. எந்த அமைப்பு உண்மை சொன்னவரைத் தனியே விடாமல் தாங்குகிறதோ, அதுவே மேலானது என்பது நம் கருத்து. சுவீடனிடமும் பிரான்சிடமும் கற்க வேண்டியது அதுதான்.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். இனித் தகுதிகளின் பட்டியலோடு நான்கு வினாக்களையும் சேர்த்துப் படியுங்கள். இதழின் உரிமையாளர் யார்? செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? இடர் வந்தால் செய்தியாளர்க்குத் துணை யார்? சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் ஆகிய மூன்று நகரங்களின் தமிழ் நாளிதழ்களில் ஒரே நாளில் வந்த ஒரே செய்தியை எடுத்து இவ்வினாக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாடநூல் கற்பிக்காததை அப்பயிற்சி கற்பிக்கும்.

பெரியவர்களுக்கும் பணிவுடன் ஒன்று. செய்தி தவறானால் மறுப்பு எழுதுவோம், திருத்தம் கேட்போம், வேண்டுமாயின் மன்றத்தையும் நாடுவோம். ஆனால் எழுதாதே என்று கேட்பதை விடுவோம். நம்மவர் அல்லாதோரைப் பற்றி எழுதும்போது துணிவு என்றும், நம்மைப் பற்றி எழுதும்போது துரோகம் என்றும் கூறுவோமாயின், அச்செய்தியாளர் நிற்கும் மண்ணை அரிப்பவர் நாமே. அரசு மட்டுமே தணிக்கை செய்யும் என்பதில்லை. ஓர் ஆசிரியரின் தொலைபேசி அழைப்பும் செய்யும். அந்தப் பிழையை நாம் செய்தோம் என்பதை இம்மலரில் ஒப்புக்கொள்கிறோம்.

அன்று நம் மாணவர் கேட்டது பட்டியலில் எத்தனையாவது தகுதி என்று. அது அவருக்குரிய தகுதியே அன்று, நமக்குரியது. கேட்கப் பொறுத்தல் என்பது அதன் பெயர். இனி ஒருமுறை பெரியவர்கள் நம் வீடு தேடி வந்தால், தொலைபேசியை எடுக்க மாட்டோம். அவர்களை அழைத்துக்கொண்டு குழாயடிக்குச் செல்வோம். தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது என்று முதலில் பார்ப்போம்.